வலிக்கும் வாசலுக்கும் நடுவே

வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்குகிறது. இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத மந்தமான வலி. சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்றிருக்கும். குமட்டும், ஓரிரு முறை வாந்தி வரும். சில மணி நேரம் கழித்து அதே வலி கீழிறங்கி, வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும். அதற்குப் பிறகு இருமினாலே வலிக்கும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் உயிர் போகும். குடல்வாலின் நரம்புகள் தண்டுவடத்தில் சேரும் இடம் தொப்புள் மட்டத்துக்கும் உரியது என்பதால் முதல் வலி அங்கே உணரப்படுகிறது. அழற்சி குடல்வாலின் சுவரைக் கடந்து, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைத் தொட்டதும் வலி தன் உண்மையான இடத்துக்கு வந்துவிடுகிறது.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) என்பது எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு முனை மூடிய சிறு குழாய். கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ வீங்கிய நிணத்திசுவோ அதன் வாயை அடைத்துக்கொண்டாலும் உள்ளே சளி சுரப்பது நிற்பதில்லை. அழுத்தம் ஏறுகிறது. முதலில் சிரைகள் நசுங்கி, ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. சுவர் நலிந்ததும், குடலுக்குள் தொல்லையின்றி வாழ்ந்துகொண்டிருந்த பாக்டீரியாக்கள் சுவருக்குள் புகுகின்றன. அவற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் பெருவாரியாக வந்து குவிகின்றன. அழற்சி உடலின் தற்காப்பு. தோலில் ஒரு முள் குத்திய இடத்தில் இது நடந்தால் வீங்கிப் பழுத்து ஆறிவிடும். இந்தக் குறுகலான குழாயிலோ வீக்கமே ரத்த ஓட்டத்தை இன்னும் நெரிக்கிறது. சுவரின் ஒரு பகுதி செத்து ஓட்டை விழுகிறது. சீழும் மலக்கிருமிகளும் வயிற்றுக்குள் பரவுகின்றன. மருத்துவர்கள் அஞ்சுகிற ஒரு குறி இங்கே உண்டு: வெடித்த உடனே அழுத்தம் விடுபடுவதால் சிலருக்குக் கொஞ்ச நேரம் வலி குறைந்துவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியடைவார்கள். அதற்குப் பிறகுதான் வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் ஏறும்.

அமெரிக்கக் கணக்குப்படி வாழ்நாளில் ஏறத்தாழ ஆண்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் பெண்களில் ஏழு பேருக்கும் வரக்கூடிய நோய் இது. ஏழை, பணக்காரர், இனம், மொழி பார்த்து வருவதில்லை. ஆனால் அது எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது, வந்தபின் என்ன ஆகிறது என்பவற்றில் அந்த வேறுபாடுகள் எல்லாம் இருக்கின்றன. மருத்துவ ஏற்றத்தாழ்வைப் பற்றிப் படிக்க இதைவிடத் தெளிவான நோய் எனக்குத் தெரிந்து வேறில்லை.

வலப்பக்க அடிவயிற்றில் சீழ்கட்டிச் சாகிறவர்களின் நோய் குடல்வாலில்தான் தொடங்குகிறது என்று பாஸ்டனின் நோய்க்குறியியல் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886இல் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகளை வைத்து நிறுவினார். வெடிக்கும் முன்பே வயிற்றைத் திறக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. 1889இல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, அழுத்தினால் மிக அதிகமாக வலிக்கும் புள்ளியைக் குறித்துக் கொடுத்தார். இன்றைக்கும் பயிற்சி மருத்துவர் விரல் வைப்பது அங்கேதான். என்றாலும் காத்திருந்து பார்க்கும் பழக்கம் எளிதில் மாறவில்லை. லண்டனில் குடல்வால் நோயில் பெயர்பெற்றிருந்த அறுவை மருத்துவர் ஃப்ரெடரிக் டிரீவ்ஸின் மகள் ஹெட்டி 1900இல் இதே நோயில் இறந்தாள். இரண்டே ஆண்டுகளில், 1902 ஜூன் 24 அன்று, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் அடிவயிற்றுச் சீழை வடித்து அவரைப் பிழைக்கவைத்தவரும் அதே டிரீவ்ஸ்தான். இரண்டு நாளில் நடக்கவிருந்த முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. அந்தக் காலத்தில் மன்னருக்கும் மருத்துவரின் மகளுக்கும்கூட இந்த நோய் உயிராபத்து. எதிர்ப்புயிரி மருந்தும் பாதுகாப்பான மயக்க மருந்தும் வந்தபின் அந்த ஆபத்து பெருமளவு விலகிவிட்டது. யாருக்கு விலகியது, யாருக்கு விலகவில்லை என்பது அதற்குப் பிந்தைய கதை.

1994இல் பாலா பிரேவ்மனும் சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1984 முதல் 1989 வரை குடல்வால் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்த 18 முதல் 64 வயதுள்ளவர்களின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தனியார் முன்கட்டணக் காப்பீடு வைத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், காப்பீடே இல்லாதவர்களுக்கும் ஏழைகளுக்கான அரசுத் திட்டமான மெடிக்கெய்டில் இருந்தவர்களுக்கும் குடல்வால் வெடித்த நிலையில் இருக்கும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு இருந்தது. பில் என்ன வருமோ என்ற பயத்தில் ஒரு இரவைத் தள்ளிப்போடுகிறவரின் உடலில் அந்த இரவு என்ன செய்கிறது என்பதை இந்த எண் காட்டியது. அதன் பிறகு வெடித்த விகிதம், மருத்துவம் எட்டுகிறதா என்பதை அளக்கும் ஒரு குறியீடாகவே அமெரிக்காவில் பயன்பட்டது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் சமமா? மோனிகா கோயல் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்னை விட்டு நீங்குவதேயில்லை. 2003 முதல் 2010 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் குடல்வால் அழற்சி என்று கண்டறியப்பட்ட, 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் தேசிய மாதிரித் தரவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏதாவது ஒரு வலிமருந்து கிடைத்தவர்களே நூற்றுக்கு 57 பேர்தான். கடுமையான வலி என்று பதிவானவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்து கிடைக்கும் சாத்தியம் வெள்ளையினப் பிள்ளைகளோடு ஒப்பிட, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. நோய் ஒன்று. பதிவான வலியின் அளவும் ஒன்று.

வலிமருந்து கொடுத்தால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்ற பழைய கருத்து அறுவை மருத்துவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. வலிமருந்து நோயறிதலைக் கெடுப்பதில்லை என்று பின்வந்த சோதனைகள் காட்டிவிட்டன. அந்தப் பழைய விதியையே சிலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக அல்லவா பொருந்த வேண்டும்? விளக்கத்தின் ஒரு பகுதி 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து கிடைத்தது. அங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான உடற்கூற்று நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஒத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நம்பிக்கை அதிகம் உள்ளவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்துக்கு நேர்மையாக இடம் கொடுக்க வேண்டும். வெடித்த விகிதம் ஒரு பின்னம். அதன் மேலே வெடித்தவர்கள். கீழே நோய் கண்டறியப்பட்ட அனைவரும். ஸ்வீடனின் ரோலண்ட் ஆண்டர்சனும் அமெரிக்காவின் எட்வர்ட் லிவிங்ஸ்டனும் நீண்டகாலத் தரவுகளை வைத்து ஒரு சங்கடமான உண்மையை முன்வைத்தார்கள். வெடிக்காத அழற்சியின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் ஏறி இறங்குகிறது. வெடித்தவற்றின் எண்ணிக்கை அதோடு சேர்ந்து நகரவில்லை. அப்படியானால் எல்லாக் குடல்வால் அழற்சியும் காத்திருந்தால் வெடிக்கும் என்ற நூறாண்டு நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. சில தொடக்கத்திலிருந்தே வெடிக்கும் போக்கோடு வருகின்றன. சில தானாகவே அடங்கிவிடுகின்றன. சிடி ஸ்கேன் எளிதில் கிடைக்கிற இடத்தில் தானாக அடங்கியிருக்கக்கூடிய மிதமான அழற்சியும் கண்ணில் பட்டு, பின்னத்தின் கீழ்ப்பகுதி பெருகும். விகிதம் குறைந்ததுபோல் தோன்றும். ஸ்கேன் இல்லாத இடத்தில் முற்றியவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள்; விகிதம் ஏறும். கோவிட் காலத்தில் பல நாடுகளில் இது கண்ணெதிரே நடந்தது. மிதமான அழற்சியோடு வருகிறவர்களின் எண்ணிக்கை சரிந்தது. முற்றிய நிலையில் வந்தவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குச் சரியவில்லை.

ஆக, ஏழைகளிடையே வெடித்த விகிதம் கூடுதலாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அவர்களுக்கு உண்மையிலேயே அதிகம் வெடிக்கிறது. அல்லது, அவர்களுடைய மிதமான நோய் எந்த மருத்துவரின் கண்ணிலும் படாமல் போகிறது. புள்ளியியலாளருக்கு இரண்டும் வெவ்வேறு. வலியோடு இரவைக் கழித்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டிலும் நடந்தது ஒன்றே: தேவைப்பட்ட நேரத்தில் அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. குறியீட்டின் குறையைக் காட்டி ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்ல இந்த வாதத்தைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலதாமதம் பற்றிய விவாதத்தில் மிக முக்கியமான சான்று 2023இல் வந்தது. ஃபின்லாந்திலும் நார்வேயிலும் நடந்த பெர்ஃபெக்ட் என்ற சோதனையில், சிக்கலில்லாத அழற்சி என்று கருதப்பட்ட சுமார் 1,800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை. மற்றதற்கு 24 மணி நேரத்துக்குள். குடல்வால் வெடித்திருந்தது முதல் பிரிவில் 8 விழுக்காட்டினருக்கு, இரண்டாவதில் 9 விழுக்காட்டினருக்கு. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். மருத்துவமனைக்குள் வந்து, நோய் இன்னதென்று தெரிந்து, கண்காணிப்பில் படுத்திருக்கும் நோயாளி விடியும்வரை காத்திருந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டிய அவசியம் பல மருத்துவர்களுக்கு இதனால் குறைந்தது.

இந்த முடிவை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாசலுக்கு உள்ளே சில மணி நேரத் தாமதம் தீங்கு செய்யவில்லையென்றால், உலகெங்கும் வெடித்த நிலையில் வந்து சேர்கிறவர்களின் துயரத்துக்கான காரணத்தை வாசலுக்கு வெளியேதான் தேட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாநிலத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள் 2012இல் இருநூறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வலி தொடங்கி மருத்துவ உதவி தேடும்போது சராசரியாக மூன்று நாளுக்கு மேல் கடந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. பலருக்கு வயிற்றின் நடுவே நீளமாகக் கீறித்தான் உள்ளே கழுவ வேண்டியிருந்தது. இந்த எண்ணையும் ஃபின்லாந்து எண்ணையும் நேருக்கு நேர் வைப்பது முறையாகாது. அங்கே வெடித்திருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களைச் சோதனையிலேயே சேர்க்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளுக்கு ஒப்பீடு தேவையில்லை. கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை, அங்கிருந்து பெரிய மருத்துவமனை என்று படிப்படியாக ரெஃபர் செய்யப்படுகிற எந்த ஊரிலும் அந்த நாட்கள் எப்படிக் கரைகின்றன என்பது தெரிந்ததுதான்.

தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதும், 2009இல் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் இந்தப் பயணத்தின் இரண்டு பெரிய தடைகளைக் குறைத்தன. ஆம்புலன்ஸை அழைப்பதற்கு முன் கழிகிற நேரம் வேறு. அடிவயிறு வலித்தால் முதலில் சூடு பிடித்துவிட்டது என்போம். மோர் குடிப்போம், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவோம். கேஸ் ட்ரபிள் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. பிள்ளையென்றால் குடலேற்றம் என்று தட்டிவிட ஆள் தேடுவோம். இவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வயிற்று வலிகளில் பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடுகின்றன. ஆகவே இந்த வைத்தியங்கள் பலமுறை பலித்ததாகவே வீட்டாரின் அனுபவம் சொல்லும். ஆபத்தானவை இரண்டு: வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதிக்குக் கொடுப்பதும், வலிக்கிற வயிற்றை அழுத்தி உருவிவிடுவதும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் மருத்துவமனை என்பது ஒரு நாள் சம்பளம், கூட வருகிறவருக்கு இன்னொரு நாள் சம்பளம். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன் என்று அவர் சொல்லும்போது அதில் அறியாமையைவிடக் கணக்குத்தான் அதிகம்.

பெண்களின் நிலை தனியே சொல்லப்பட வேண்டியது. வலப்பக்க அடிவயிற்றில் சினைப்பையும் கருக்குழாயும் இருப்பதால், இளம்பெண்களிடம் இந்த நோயை உறுதிசெய்வது மருத்துவருக்கே கடினம். நலமாக இருந்த குடல்வாலை வெட்டியெடுத்துவிடுவதும் அவர்களிடமே அதிகம் நடந்திருக்கிறது. அதற்கு முன்பே வீட்டில் இது மாதவிலக்கு வலி என்று ஒதுக்கப்படுகிறது. மாதாமாதம் பொறுத்துக்கொள்ளப் பழகிய உடம்பு இந்த வலியையும் பொறுத்துக்கொள்ளும்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் இடைவெளி மூடுவதில்லை. குளோபல்சர்ஜ் என்ற பன்னாட்டு மருத்துவர் கூட்டமைப்பு 58 நாடுகளில் அவசர வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 10,745 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணில் மேலேயுள்ள நாடுகளில் 4.5 விழுக்காடு, கீழேயுள்ள நாடுகளில் 8.6 விழுக்காடு. நோயாளியின் வயது, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபின் கீழேயுள்ள நாடுகளில் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காக இருந்தது. இரைப்பை, குடல் அறுவைக்குப் பிறகு காயத்தில் தொற்று ஏற்பட்டவர்கள் மேல்நிலை நாடுகளில் 9.4 விழுக்காடு, கடைநிலை நாடுகளில் 23.2 விழுக்காடு என்று 2018இல் அதே குழு காட்டியது. தழும்பு சிறிதாக, வேலைக்குச் சீக்கிரம் திரும்ப வழிசெய்யும் லேப்ராஸ்கோப்பி கூட, குடல்வால் நோயாளிகளில் மேல்நிலை நாடுகளில் மூன்றில் இருவருக்குக் கிடைத்தது. கடைநிலை நாடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே. காயத்தில் சீழ் பிடித்தால் கட்டுப் பிரித்துக் கட்ட மீண்டும் மீண்டும் பேருந்து ஏற வேண்டும். உடம்பால் உழைத்தே ஆக வேண்டியவருக்கு அந்த வாரங்கள் கடனாக மாறுகின்றன.

இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை தந்தது மிக எளிமையான ஒரு சோதனை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 81 மருத்துவமனைகளில், 13,301 நோயாளிகளிடம் நடந்த சீட்டா சோதனையின் முடிவு 2022இல் வந்தது. வயிற்றை மூடித் தைக்கும் முன் அறுவைக் குழுவினர் அனைவரும் கையுறைகளை மாற்றி, புதிய கருவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தது அவ்வளவுதான். காயத் தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. இதற்கு ஓராண்டு முன்பு இவ்வகை நாடுகளிலேயே நடந்த ஃபால்கன் சோதனையில், கிருமிநாசினி பூசிய விலை கூடிய தையல் நூல் சாதாரண நூலைவிட மேலானதாகத் தெரியவில்லை. ஏழை நாடுகளுக்கு எது பயன்படும் என்பதை ஏழை நாடுகளிலேயே சோதித்துப் பார்த்தால்தான் இப்படிப்பட்ட விடைகள் கிடைக்கும்.

வெட்டாமலே குணப்படுத்த முடியாதா என்ற கேள்விக்கும் இப்போது பாதி விடை இருக்கிறது. ஃபின்லாந்தின் ஆப்பாக் சோதனையில் சிக்கலற்ற அழற்சிக்கு எதிர்ப்புயிரி மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 27 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஐந்து ஆண்டில் அது 39 விழுக்காடானது. 1,552 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த கோடா சோதனையில், 90 நாளுக்குள் 29 விழுக்காட்டினருக்கு அறுவை நடந்தது. குடல்வாலில் கல்போன்ற மலத்துணுக்கு இருந்தவர்களில் 41 விழுக்காடு. பத்தில் ஆறு ஏழு பேர் கத்தியைத் தவிர்க்கலாம் என்பது பெரிய செய்திதான். இந்தச் சிகிச்சை யாருக்கு வசதி என்று பார்த்தால் மறுபடியும் அதே கோடுதான் தெரிகிறது. துணுக்கு இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் சொல்ல வேண்டும். வலி திரும்பினால் சில மணி நேரத்தில் மருத்துவமனை சேர முடிய வேண்டும். குளோபல்சர்ஜ் ஆய்வில், கடைநிலை நாடுகளில் காயத்தொற்றுக்குக் காரணமென்று பரிசோதனையில் தெரிந்த கிருமிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அறுவைக்கு முன் கொடுத்த எதிர்ப்புயிரிக்கே அடங்காதவையாக இருந்தன. இதையெல்லாம் விட்டுவிட்டு, அப்பெண்டிக்சுக்கு மாத்திரையே போதுமாம் என்ற ஒற்றை வரி மட்டும் ஊருக்குள் பரவினால், கடையில் நான்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

மருத்துவமனைகள் சேர்க்கை நேரத்தையும் அறுவை தொடங்கிய நேரத்தையும் குறித்துவைக்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மணிகளையே அளந்திருக்கின்றன. அளக்க எளிது என்பதே காரணம். பெர்ஃபெக்ட் சோதனைக்குப் பிறகு அந்த அளவின் பயன் குறைந்துவிட்டது. வலி எப்போது தொடங்கியது, முதலில் யாரிடம் போனீர்கள், எத்தனை இடம் மாறி வந்தீர்கள் என்று டூட்டி டாக்டர் கேட்பதும் எழுதிக்கொள்வதும் வழக்கம்தான். அந்த வரிகளை ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து தொகுத்து, வெடித்தவர்கள் விகிதமாக மட்டும் பார்க்காமல் அந்த மாவட்ட மக்கள்தொகையில் எத்தனை பேர் என்றும் எண்ணி, எந்த ஊரிலிருந்து, எந்த வேலை செய்கிறவர்கள், ஆணா பெண்ணா என்று பிரித்துப் பார்த்தால் தாமதம் எந்தப் படியில் நேர்கிறது என்று தெரியவரும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கூட்ட ஒருவரும், அதைப் படித்துப் பதில் சொல்ல ஒரு சுகாதார அதிகாரியும் வேண்டும்.